யூடோபியா பார்க்வே வீடு

அன்பு மகளுக்கு,

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் சால்வதோர் டாலி வரைந்த உருகும் கடிகாரங்களைப் பார்த்ததாகவும், அந்த ஓவியம் இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று எண்ணவேயில்லை என்றும் எழுதியிருந்தாய். உண்மைதான், 33 செ.மீ. அகலமும் 24 செ.மீ. உயரமும் கொண்ட அது, உன் பள்ளிக்கூட நோட்டைவிடச் சற்றே பெரியது. கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற சர்ரியலிசம் என்ற இயக்கத்தை அமெரிக்கப் பொதுமக்கள் அறிந்துகொண்டது பெரும்பாலும் டாலி வழியாகத்தான். 1936 டிசம்பரில் டைம் இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. 1939இல் ஃபிஃப்த் அவென்யூ கடையொன்றில் முகப்புக் கண்ணாடிக்குள் தாம் அமைத்த காட்சி அலங்காரத்தை மாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் அவர் அதிலிருந்த குளியல் தொட்டியைத் தள்ள, கண்ணாடி உடைந்து தொட்டியும் அவரும் வீதிக்கே வந்துவிட்டார்கள். 1945இல் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் படமொன்றுக்குக் கனவுக் காட்சியும் வரைந்தார்.

ஓவிய ஆசிரியனாக இருந்த காலம் முழுவதும் சர்ரியலிசம் என்றால் டாலி என்றே நான் சொல்லிக் கொடுத்தேன். அது போதாது என்று இப்போது தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன்.

1932 ஜனவரியில் நியூயார்க்கில் ஜூலியன் லெவி என்பவரின் கலைக் காட்சிக்கூடத்தில் அந்தக் கடிகார ஓவியத்தோடு, ஜோசப் கார்னெல் என்ற இளைஞர் ஒட்டிச் செய்த படங்களும் இடம்பெற்றன. தந்தையை இளம் வயதிலேயே இழந்து, கம்பளித் துணி விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். ஓவியப் பயிற்சி ஏதுமில்லாதவர். நீ வசிக்கும் குவீன்ஸில், ஃப்ளஷிங் பகுதியின் யூடோபியா பார்க்வேயில், தாயோடும் மூளைவாதத்தால் நடமாட முடியாத தம்பி ராபர்ட்டோடும் வாழ்ந்தார். வீட்டார் உறங்கிய பிறகு அடுக்களை மேசையில் அமர்ந்து, பழைய கடைகளில் பொறுக்கி வந்த வரைபடங்கள், பொம்மைகள், கண்ணாடிக் குவளைகள் ஆகியவற்றைச் சிறு மரப்பெட்டிகளுக்குள் அடுக்கினார். ஐரோப்பிய நகரங்களின் பெயர்கள் அந்தப் பெட்டிகளில் நிறைய உண்டு. ஆனால் அவர் அமெரிக்காவை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை.

அவற்றுள் 1940இல் செய்த ஒரு பெட்டி நீ சென்ற அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே இருக்கிறது. பனி மூடிய ரஷ்யச் சாலையில் வழிப்பறிக்காரன் ஒருவன் மறித்து, தனக்காக ஆடச் சொன்னதால், நட்சத்திரங்களின் கீழே விரித்த சிறுத்தைத் தோலின்மீது ஆடினாளாம் மரீ தாக்லியோனி என்ற நர்த்தகி; அந்த இரவின் நினைவாக நகைப்பெட்டியில் பனிக்கட்டித் துண்டொன்றை வைத்திருப்பாளாம். நீல வெல்வெட்டுக்குள் கண்ணாடிக் கட்டிகளும், மூடியின் உட்புறம் மலிவான கல் அட்டிகையும் வைத்து அந்தக் கதையை அவர் கட்டினார். டாலியின் கடிகாரம் உருகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பனியோ உருகாமல் நிற்கிறது. எனக்கு இதுவே பெரிய வியப்பு.

ஆழ்மனம், கனவு பற்றிய சர்ரியலிஸ்டுகளின் கோட்பாடுகள் தமக்கு உடன்பாடல்ல என்று அவரே 1936இல் அருங்காட்சியகத்துக்கு எழுதினார். அதிர்ச்சியூட்டும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. வீட்டைவிட்டு அதிகம் வெளியே போக இயலாத தம்பியின் பக்கத்தில் இருந்தவருக்கு, உலகத்தை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்துவிடும் ஆசை இருந்ததாகவே நான் நம்புகிறேன். இறந்த ஆண்டான 1972இல், நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார். பெட்டிகளை அவர்களின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, கேக்கும் குளிர்பானமும் கொடுக்கச் செய்தார்.

அடுத்த முறை போகும்போது அந்தப் பெட்டி காட்சியில் இருக்கிறதா என்று விசாரி, அம்மா. இருந்தால் என் பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக் காட்டு. அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கு அப்படியே எழுது.

அன்புடன்,
அப்பா