டக் டக் சத்தம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை நாலு தடவை கேட்டேன். உன் அம்மா ஒரே தடவை கேட்டுவிட்டு "தையல் மெஷின் மாதிரி இருக்கு" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல்பக்கம் டக் டக் என்று தட்டி, சூடானதும் அடங்குகிறது என்றால் அது பெரும்பாலும் வால்வு லிஃப்டர், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் சின்ன உருளை. உன் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் இன்ஜினில் லிஃப்டருக்குள் ஆயில் நிரம்பித்தான் இடைவெளியை அடைக்கும். ஆயில் பழசானாலோ, வண்டி நாள் கணக்கில் நின்றாலோ இப்படித் தட்டும். இன்ஜினைப் பிரிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். முதலில் ஆயிலை மாற்று.

ஆயில் ஃபில்டர்தான் உன் பொறுமையைச் சோதிக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கீழே ஒளிந்திருக்கும், கையால் தடவித்தான் பிடிக்க வேண்டும். கழற்றியதும் பழைய ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார். அது இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, மேலே புதியதை மாட்டினால் ஸ்டார்ட் செய்த நிமிடமே ஆயில் தரையில் கிடக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையாலேயே முறுக்கு, போதும். ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் மூன்றரை லிட்டர் பிடிக்கும். நாலு லிட்டர் கேனை அப்படியே கவிழ்த்துவிடாதே, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து ஊற்று. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்டு வை. (இதை அம்மா எழுதச் சொன்னாள். சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.)

ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடு. பிளக் ஏறும் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்பகுதி, அலுமினியம்; மரை சுலபமாக அழியும். உன் வயதில் எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரைப் போட்டு, பிளக் கோணலாக ஏறி, மரையையே அழித்தவன் நான். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டையே கழற்றும்படி ஆயிற்று. பிளக்கின் மேல்நுனியில் ஒரு துண்டு ரப்பர் டியூப்பை மாட்டி விரலால் சுற்று. கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை பிழைக்கும்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்த இன்ஜினில் அது அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது, வண்டி வழியில் நின்றுபோகும், அவ்வளவுதான். ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. முன்னால் வைத்திருந்தவரிடம் ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். தண்ணீர் பம்ப்பைக் கழற்றவும் இந்த பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம். அதற்கு நான் வருகிறேன்.

ஆயிலை மாற்றி நாலு நாள் ஓட்டு. அப்புறம் ஒரு காலையில் பானெட்டைத் திறந்துவைத்துப் பதிவு செய்து அனுப்பு. போன தடவை பாதிக்கு மேல் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

அப்பா