எமது காமிக்ஸ் வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் கூடுவது நமது வழக்கம். இந்த வருடம் ஒன்பது கூட்டங்கள் நடந்தன, மூன்று நடக்கவில்லை. இரண்டை மழை கெடுத்தது, ஒன்றைத் திருவிழாவுக்கு விட்டுக்கொடுத்தோம். இப்போது அங்கத்தவர்கள் 23 பேர். இவர்களில் நால்வர் வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். சந்தா வருவதில்லை, ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் குரல் பதிவில் சண்டை மட்டும் தவறாமல் வருகிறது. ஆகவே அவர்களின் பெயரை நான் நீக்கவில்லை.

ஜூன் மாதப் பொசன் போயாவன்று 2004இல் வெளிவந்த இரண்டாவது ஸ்பைடர்மேன் படத்தைப் போட்டுப் பேச எடுத்தோம். சனசமூக நிலையத்துத் தகரக் கூரையில் மழை கொட்டியதில் ஒரு வசனமும் காதில் விழவில்லை. போதாததற்கு அரை மணி நேரத்தில் கரண்ட்டும் போனது. காசல்ரீ நீர்த்தேக்கமும் லக்சபான நீர்மின் நிலையமும் நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கின்றன, பக்கத்தில் இருக்கும் நமக்கு மெழுகுவர்த்தி. அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் வருடத்தின் சிறந்த விவாதம் நடந்தது.

சிலந்தி நூல் எங்கிருந்து வருகிறது என்பதே விஷயம். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய பீட்டர் பார்க்கர், அதாவது காமிக்ஸ் ஸ்பைடர்மேன், நூலை வீசும் கருவியைத் தானே செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறான். சாம் ரைமி 2002இல் எடுத்த படத்தில் கருவி இல்லை, நூல் உடம்பிலிருந்தே வருகிறது. டவுனில் போன் திருத்தும் தம்பிக்கு இது பொறுக்கவில்லை. "காசில்லாத பொடியன் சொந்த மூளையில செஞ்ச சாமானை எடுத்துட்டா, அப்புறம் அவன்கிட்ட என்ன இருக்கு? பூச்சி கடிச்சது மட்டுந்தானே?" என்றார். காமிக்ஸில் சண்டைக்கு நடுவே நூல் திரவம் தீர்ந்துபோகும் இடங்கள்தான் தனக்குப் பிடித்தவை என்றும், மாசக் கடைசியில் நம் வீடுகளில் நடப்பதும் அதுதான் என்றும் சொன்னார்.

டீச்சர் விடவில்லை. 2004 படத்தில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பறிபோகிறது, வாடகை பாக்கி நிற்கிறது, மனசு உடைந்த பிறகு நூலும் வராமல் போகிறது. காமிக்ஸில் தீர்ந்தது திரவம், படத்தில் தீர்ந்தது தைரியம் என்றார். அவர் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. கதையிலிருந்து ஒன்றை எடுப்பவர் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும், ரைமி வைத்திருக்கிறார். ஆனால் 2012இல் வந்த படத்திலும் 2017இல் வந்த படத்திலும் கருவி திரும்பிவிட்டது. தம்பி அதை வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டினார்.

இரண்டாவது ஜோக்கர் படத்துக்கு ஒரு கூட்டம் ஒதுக்கினோம். பாட்டு அதிகம் என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. டெட்பூல் கூட்டத்தில் சிரிப்புத்தான் மிஞ்சியது.

டிசம்பர் போயாவில், பேட்மேனின் எதிரியைப் பற்றிய பெங்குவின் தொலைக்காட்சித் தொடரைப் பேசினோம். காமிக்ஸில் ஆஸ்வால்ட் காபிள்பாட் என்றிருந்தவரைத் தொடரில் ஆஸ் காப் என்று சுருக்கிவிட்டார்கள். பரம்பரைப் பணக்காரப் பெயரை எடுத்துத் தெருவில் வளர்ந்த ஆளாக்கவே இந்த வெட்டு என்று பலரும் ஏற்றார்கள். ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா மட்டும் வேறு வழியில் போனார். அவருடைய அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், சேமலாப நிதிக் கடிதத்தில் இன்னொருவிதம். "எழுதினவன் வெட்டினான், நாங்க அலைஞ்சோம்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பெங்குவினைப் பற்றிப் பேசவில்லை.

இனி நூலகம். இரும்பு அலுமாரியில் இருந்த புத்தகங்களில் பாதிக்குப் பூஞ்சணம். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'யின் பழைய பிரதி ஒன்று கிளாக்கர் ஐயா வீட்டுத் தேயிலைப் பெட்டியில் கிடந்தது. உள்ளே ஈயத் தாள் ஒட்டிய பழைய பலகைப் பெட்டி அது. அட்டை மங்கியிருக்கிறது, முனைகள் சுருண்டிருக்கின்றன, ஆனால் ஒரு பக்கம்கூட ஒட்டவில்லை. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும் அந்த ஆளைப் படமாக எடுத்தால், காற்றில் மிதக்கும் கையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நடிப்பது என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். அப்போது ஒரு சிறுவன் 'லயன் காமிக்ஸ்' கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது நம்ம லயனைப் பத்தினதா அண்ணே?" என்று கேட்டான். தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் நாம் லயன் என்போம். இல்லையென்று சொல்லவே மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு தேயிலைப் பெட்டி தேவை. வைத்திருப்பவர்கள் சொல்லவும்.

கடைசியாக, நூலகப் பட்டியல். பேன்டம் என்ற காமிக்ஸ் நாயகன் முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. இரும்புக்கையாரும் மாயாவியே என்பதால் 'மா' வரிசையில் இருவரும் மோதுகிறார்கள். மூத்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நான்கு கூட்டங்களைத் தின்றுவிட்டார்கள். நான் பேன்டமை 'வே', 'மா' இரண்டு இடத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்சேபனை இருந்தால் பொருளாளர் கணக்கு வாசித்து முடிப்பதற்குள் எழுத்தில் தரவும்.

செயலாளர்