ஆடிட் அறிக்கையில் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வணிகப் பக்கத்தில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் தானாக ஓடிப் பணத்தைக் கையாளும் நிரல்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தால், ஆடிட் (கோடை வெளியாட்கள் சோதிப்பது) முடிந்த கான்ட்ராக்டில் போட்ட பணம் பத்திரம் என்ற எண்ணமே வருகிறது. அதை நம்பிச் சேமிப்பைப் போடுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

2023 மார்ச் 13 அன்று யூலர் ஃபைனான்ஸ் என்ற கிரிப்டோ கடன் தளத்திலிருந்து சுமார் 19.7 கோடி டாலர் பறிபோனது. பல நிறுவனங்கள் ஆடிட் செய்த தளம் அது. ஓட்டை ஒரே ஒரு ஃபங்ஷனில் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் கோடின் பகுதியில்) இருந்தது. பயனர் தன் டெபாசிட்டைத் தளத்தின் சேமநிதிக்கு நன்கொடையாகத் தரலாம் என்று 2022-இல் பிற்பாடு சேர்த்த ஃபங்ஷன் அது. கடன் வாங்கும்போதும் பணம் எடுக்கும்போதும், கடனுக்குப் போதிய ஈடு மிச்சம் இருக்கிறதா என்ற சோதனை ஓடும். நன்கொடைக்கு அந்தச் சோதனையை வைக்கவில்லை. தாக்கியவர் 3 கோடி டாய் (ஒன்று சுமார் ஒரு டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம்) ஃப்ளாஷ் லோனாக, அதாவது அதே பரிவர்த்தனைக்குள் திருப்பித் தர வேண்டிய ஈடில்லாக் கடனாக, எடுத்தார். அதில் 2 கோடியை டெபாசிட் செய்து, தளம் அனுமதித்த வழியிலேயே கடனையும் டெபாசிட்டையும் சுமார் பத்து மடங்கு பெருக்கினார். பிறகு 10 கோடியை நன்கொடையாகத் தள்ளிவிட, கணக்கில் ஈட்டைவிடக் கடன் கூடிவிட்டது. அவருடைய இன்னொரு கான்ட்ராக்ட் அந்தத் திவால் கணக்கைத் தள்ளுபடியில் எடுத்துக்கொண்டு, அசல் டாயை வெளியே கொண்டுபோனது. இத்தனையும் ஒரே பரிவர்த்தனையில் நடந்தன. பெரும்பகுதிப் பணம் திரும்பி வந்தது உண்மைதான், ஆனால் எடுத்தவரே திருப்பிக் கொடுத்ததால்தான் வந்தது.

ஆகவே இருப்பையோ கடனையோ தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனின் முடிவிலும் அதே ஈட்டுச் சோதனை ஓட வேண்டும். தானம், பரிமாற்றம் எதற்கும் விலக்கு கூடாது. ஃபங்ஷன்களைத் தனித்தனியாகச் சோதித்தால் இந்த மாதிரி ஓட்டை சிக்காது. ஃபவுண்ட்ரி, எக்கிட்னா போன்ற கருவிகளால் அவற்றைத் தாறுமாறான வரிசையில் ஆயிரக்கணக்கான முறை அழைத்து, ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் எந்தக் கணக்காவது ஈடில்லாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய விதி ஒன்றையும் இன்றுவரை மீறுகிறார்கள். 2016 ஜூனில் தி டாவோ என்ற கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தீரியம் நெட்வொர்க்கின் நாணயம்) போனதற்குக் காரணம், பணத்தை அனுப்பிய பிறகு கணக்கில் கழித்ததுதான். பணத்தைப் பெறும் கான்ட்ராக்ட் அந்த இடைவெளியில் மறுபடி எடுக்கச் சொன்னால், பழைய இருப்பே தெரியும். முதலில் சோதனை, அடுத்து கணக்கில் கழிப்பு, கடைசியில்தான் பணம்.

கோடில் பிழையே இல்லாமலும் நஷ்டம் வரும். டாயைக் கடனாக வெளியிட்ட மேக்கர்டாவ் தளத்தில் 2020 தொடக்கத்தில் 100 டாய் கடனுக்குக் குறைந்தது 150 டாலர் மதிப்புள்ள ஈதர் ஈடாக வேண்டியிருந்தது. நகைக்கடனில் தங்கத்தின் முழு மதிப்புக்கும் கடன் தராததுபோலத்தான். 2020 மார்ச் 12 அன்று ஈதர் விலை ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நெட்வொர்க் நெரிசலில் கேஸ் கட்டணம் (பரிவர்த்தனைக்கான கட்டணம்) எகிற, ஈடு போதாமல் போன கடன்களின் ஈட்டை ஏலம் கேட்க வேண்டிய பாட்கள் (தானியங்கி நிரல்கள்) பல முடங்கின. எஞ்சியவர்களில் சிலர் பூஜ்யம் டாய்க்குக் கேட்டு, 80 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஈதரைச் சும்மா அள்ளிக்கொண்டார்கள். ஏலக் கேள்விக்கு அன்று இருந்த அவகாசம் 10 நிமிடம். அதன் பிறகே அதை 6 மணி நேரமாக்கினார்கள். ஈட்டு விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. நெரிசலான நாளில் ஈட்டை விற்க முடியுமா என்பதையும் கணக்கிட வேண்டும். விலையையும் ஒரே சந்தையின் அந்த நொடி விலையிலிருந்து எடுக்கக் கூடாது. ஃப்ளாஷ் லோன் வைத்து அதை எவரும் வளைத்துவிடலாம்.

வாக்கையும் அப்படி வாங்கலாம். 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ தளத்தில் ஃப்ளாஷ் லோனாக வாங்கிய டோக்கனால் (வாக்குரிமை தரும் நாணயத்தால்) வாக்களித்து, தளத்தின் பணத்தைத் தங்களுக்கு எடுக்கும் தீர்மானத்தை அதே பரிவர்த்தனையில் நிறைவேற்றினார்கள். சுமார் 18 கோடி டாலர் நஷ்டம். வாக்கு பலத்தை முந்தைய பிளாக்கின் (அதற்கு முன் பதிவான பரிவர்த்தனைத் தொகுப்பின்) இருப்பை வைத்துக் கணக்கிட்டு, தீர்மானம் நிறைவேறியதற்கும் அமலுக்கும் நடுவே இரண்டு நாளாவது இடைவெளி விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இனி இத்தகைய தளங்களைப் பற்றி எழுதும்போது நான்கு விவரங்களைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: ஆடிட் எந்தத் தேதியில், கோடின் எந்தப் பதிப்புக்கு நடந்தது, இப்போது செயினில் ஓடுவது அதே பதிப்புதானா, கான்ட்ராக்டை மாற்றும் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, மாற்றம் அமலாக எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்,
கோயம்புத்தூர்