ஸ்டூர் ஆற்றங்கரையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

கிழக்கு இங்கிலாந்தில் மேனிங்ட்ரீ ரயில் நிலையத்தில் இறங்கி, ஸ்டூர் ஆற்றை ஒட்டியே ஃப்ளாட்ஃபோர்டு போய், அங்கிருந்து டெடம் கிராமம் வரை நடந்தோம். நான், என் மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. சுமார் 6 கிலோமீட்டர்தான். நடக்கிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு ஒரு பகல் பிடித்தது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். அவர் கடைசிவரை நடந்தார் என்றால் அதற்குக் காரணம் நீங்கள் பல பேர். பாதிப்பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

உங்களில் கையெட்டியவர்களுக்கு ஆங்கிலத்தில் அட்டை எழுதிக் கொடுத்தாயிற்று. இதைத் தமிழில் எழுதுவதற்கு வேறொரு காரணம் உண்டு. கோடை பிறந்ததும் அப்பா அம்மாவை வரவழைத்துவிட்டு, லண்டனைச் சுற்றிக் காட்டி முடித்த பிறகு எங்கே கூட்டிப்போவது என்று முழிக்கிற நம்மவர்கள் இங்கிலாந்தில் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும், வந்து நடக்கட்டும்.

முதல் நன்றி, ஆற்றங்கரையில் மீன்பிடித் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவருக்கு. அம்மா நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து மடக்கு ஊன்றுகோல் ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். நாங்கள் தயங்கியபோது, “ஃப்ளாட்ஃபோர்டு டீக்கடையில் என் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் போதும்” என்றீர்கள். முன்பின் தெரியாதவர்கள் கையில் பொருளைக் கொடுத்துவிட்டு மறுபடி மிதவையைப் பார்க்கத் திரும்பிவிட்டீர்கள். உங்கள் கோலின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து, பாதையைப் பராமரிப்பவர்களுக்கு. உங்களை நாங்கள் பார்க்கவே இல்லை. உங்கள் வேலையை மட்டும் வழியெல்லாம் பார்த்தோம். முதல் மேய்ச்சல் நிலத்தின் கேட் அருகில் அம்மா நின்றுவிட்டார். “அடுத்தவன் நிலத்துல எப்படிப் போறது?” என்றார். நியாயமான கேள்வி. கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டி விளக்கினேன். 1949-இல் வந்த சட்டப்படி, பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளையெல்லாம் வரைபடத்தில் குறித்து வைக்கும் பொறுப்பு அந்தந்தக் கவுண்டி கவுன்சிலுடையது. நிலம் தனியாருடையதாகவே இருக்கலாம், பாதையில் நடக்கும் உரிமை ஊருக்கே சொந்தம். அந்தச் சட்டமும் சும்மா வந்துவிடவில்லை. 1932-இல் நடக்கும் உரிமை கேட்டு, கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் தடையை மீறி ஏறிய தொழிலாளர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கும் இந்த மடலில் ஒரு வரி இருக்கட்டும்.

உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் முட்டிவலிக்காரர் நடந்துவிட முடியாது. இங்கே பல கிராமப் பாதைகளில் வேலியைத் தாண்ட ஸ்டைல் என்ற மரப்படி இருக்கும். காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு இறங்க வேண்டும். அம்மாவால் அது ஆகாது. நாங்கள் போன வழியில் பெரும்பாலும் மாடு வெளியே போகாமல் ஆள் மட்டும் நுழைகிற ‘கிஸ்ஸிங் கேட்’தான். இதே ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் குதிரைகள்கூட வேலி தாண்டியிருக்கின்றன. 1705-இல் வந்த சட்டத்தால் ஸ்டூர் ஆறு சட்பரி என்ற ஊர் வரை சரக்குப் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தது. கரையில் நடந்து படகை இழுத்த குதிரைகள், மாடுகளைத் தடுக்கக் கட்டிய தடுப்புகளைத் தாண்டப் பழக்கப்பட்டிருந்தன. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1825-இல் அதைப் பெரிய ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். குதிரை தாண்டிய பாதையை அம்மா ஒரு கேட்டைத் தள்ளிக் கடந்தார். கேட் போட்டவர்களுக்கும், கீலுக்கு எண்ணெய் விட்டவர்களுக்கும், பாதையில் சாய்ந்த காஞ்சொறியை வெட்டி ஒதுக்கியவர்களுக்கும் கும்பிடு. இதில் எத்தனை பேர் கூலி வாங்காத தன்னார்வலர்கள் என்பது நடந்துபோகிறவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நிலக்காரர்களுக்கும் நன்றி; பொதுப்பாதையில் கேட்டைச் சீராக வைத்திருப்பது அவர்கள் கடமை, கவுன்சில் அந்தச் செலவில் கால்பங்காவது கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மீதியை அவர்கள்தான் சுமக்கிறார்கள்.

ஃப்ளாட்ஃபோர்டில், வில்லி லாட் வீட்டுக்கு எதிரே நின்றிருந்த, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தன்னார்வலர் அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கேட்காமலே நாற்காலி கொண்டுவந்து போட்டீர்கள். கான்ஸ்டபிளின் அப்பா அங்கிருக்கும் தண்ணீர் மில்லின் சொந்தக்காரர் என்பதில் தொடங்கி, அந்த வீட்டில் வில்லி லாட் எண்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து நான்கே இரவுகள்தான் வெளியே தங்கினார் என்று சொல்லப்படுவதுவரை நிதானமாகச் சொன்னீர்கள். அப்புறம் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த ‘தி ஹே வெய்ன்’ (வைக்கோல் வண்டி) ஓவியத்தின் அச்சுப்படத்தை அம்மா மடியில் வைத்தீர்கள். எதிரே அதே வீடு, அதே தண்ணீர். வண்டியும் குதிரையும் மட்டும் படத்தில்.

அம்மா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, “வண்டிய ஏன் தண்ணில நிறுத்திருக்கான்னு தெரியுதா? வெயில்ல கட்டை சுருங்கிப் பட்டா கழண்டுக்கும். ஊற விடறான்” என்றார். மாட்டுவண்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவர். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. இந்தப் படத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் அதுவும் ஒன்று, ஆனால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றீர்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நீங்கள் இருவரும் சக்கரத்தைப் பற்றிப் பேச, நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஆரக்காலுக்கு ஆங்கிலத்தில் சொல் தெரிந்தது, அச்சாணிக்குத் திணறிப்போனேன். அது கிடக்கட்டும். இங்கிலாந்து வந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறவராகவே இருந்த அம்மா, அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறவராக இருந்தார்.

ஃப்ளாட்ஃபோர்டுக்கும் டெடமுக்கும் நடுவே உள்ள புல்வெளியில் எங்களோடு வந்த பெண்மணிக்கு: மாடுகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன, கன்றுகளும் இருந்தன. அம்மாவுக்குப் பயமில்லை, எனக்குத்தான். 10 மாத வயதைத் தாண்டிய பால் இனக் காளைகளைப் பொதுப்பாதை உள்ள நிலத்தில் விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று தைரியம் சொன்னீர்கள். ஓடாதீர்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், சுற்றிப் போங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தீர்கள். உங்கள் வீடு எதிர்த்திசையில் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆற்றோரம் வரிசையாக நின்ற மரங்களைக் காட்டி, கிரிக்கெட் மட்டைக்கான வில்லோ என்றும் சொன்னீர்கள். சேப்பாக்கத்தில் அடிக்கிற சிக்ஸருக்கான கட்டை இந்த மாதிரி ஈரக்கரையில்தான் வளர்கிறது என்று தெரிந்ததும் என் மனைவி ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

டெடம் தேவாலயக் கோபுரம் வழியெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது. 131 அடி உயரம். படத்துக்குத் தேவைப்பட்டால் கான்ஸ்டபிள் அதை இடம் மாற்றி வரைந்துவிடுவாராம். எங்களுக்கு அந்த வசதி இல்லை, அது இருக்கிற இடம்வரை நடந்துதான் ஆக வேண்டும்.

டெடமில் நாங்கள் சொல்லி வைத்திருந்த டாக்சி வரவில்லை. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். தேவாலயத்தில் பூ அடுக்கிக்கொண்டிருந்த தம்பதிக்கு விஷயம் தெரிந்ததும், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்களை மேனிங்ட்ரீ நிலையத்தில் கொண்டுவந்து இறக்கினீர்கள். பெட்ரோலுக்குக் காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். சரி, அதை உண்டியலில் போட்டுவிட்டோம்.

இனி அந்த ஊன்றுகோல். ஃப்ளாட்ஃபோர்டு டீக்கடையில் கொடுக்கப் போனபோது, “டெடம் வரை இவருக்குத் தேவைப்படும், அவரிடம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்” என்று அங்கிருந்த இளைஞர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் நன்றி. சென்ற சனிக்கிழமை நான் மட்டும் போய் அதே கடையில் ஒப்படைத்துவிட்டேன். கைப்பிடியில் சுற்றியிருந்த டேப் பிரிந்திருந்ததால் அம்மா புதிதாகச் சுற்றியிருக்கிறார், கொஞ்சம் தடிமனாகவே. பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் உரித்துவிடுங்கள்.

அன்புடன்,
கோல்செஸ்டரிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்