குரோன்பெர்க் படம் கிடைத்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய குரோன்பெர்க் கோட்டைப் படம் வந்தது. பின்னால் கோட்டை, முன்னால் மேசையில் இரண்டு காபி கோப்பை. அம்மா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, "எவ்ளோ பெரிய வீடு" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், சரி. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம். காதை மூடிக்கொண்டு போ.

இப்போது ஹோட்டலாக இருக்கிற அந்தக் கோட்டை யாருடையது தெரியுமா? முப்பது வருடம் வரலாறு நடத்தியவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1888இல் 99 நாள் மட்டும் ஆண்டுவிட்டுத் தொண்டைப் புற்றுநோயில் போன ஜெர்மன் சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரெட்ரிக்கின் மனைவி விக்டோரியா கட்டியது. புருஷன் பேரைத்தான் அதற்கு வைத்தாள். அவள் மகள் சோஃபி, 1889 அக்டோபரில் கிரேக்க இளவரசன் கான்ஸ்டன்டைனைக் கட்டிக்கொண்டாள். பெண் புராட்டஸ்டண்ட், மாப்பிள்ளை ஆர்த்தடாக்ஸ்; கிறிஸ்தவத்திலேயே வேறு வேறு பிரிவு. ஏதென்ஸில் இரண்டு முறைப்படியும் கல்யாணம் நடந்தது. அந்தக் காலத்திலேயே! அண்ணன், அப்போதைய கைசர், அதாவது ஜெர்மன் சக்கரவர்த்தி, இரண்டாம் வில்ஹெல்மும் போயிருந்தான்.

மறுவருடம் அக்கா கல்யாணத்துக்கு பெர்லின் வந்தவள், நானும் ஆர்த்தடாக்ஸ் ஆகப்போகிறேன் என்றாள். அண்ணி எகிறினாள், அண்ணன் அதற்கு மேல். அண்ணிக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்ததற்கும் இவள்தான் காரணமாம். 1891இல் இவள் மாறியே விட்டாள். மூன்று வருடம் ஜெர்மனியில் கால் வைக்கக் கூடாது என்றான் அண்ணன். அவனுக்குப் பைத்தியம், விட்டுத்தள்ளு என்கிற மாதிரி அம்மாவுக்குத் தந்தி அடித்தாள் சோஃபி. அந்த அம்மா மகள் பக்கம்தான் நின்றாள். ஏதென்ஸுக்குக் கடிதம் எழுதுவதை விடவில்லை. 1901 ஆகஸ்டில், நீ படம் பிடித்த அந்தக் கோட்டையில்தான் அவள் உயிர் போனது.

நீ கெட்டிக்காரி. யார் கேட்டாலும் என் மகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். ஆனால் பிளஸ் டூ மார்க்கை முதலில் என்னிடம் ஓடிவந்து சொன்ன பெண்ணுக்கு, இப்போது அப்பாவிடம் என்ன பயம்? காதை மூடிக்கொள். ராத்திரி பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

என்ன பயம் என்று எனக்குத் தெரியும். வில்ஹெல்மின் மீசையை வகுப்பில் எத்தனை தரம் கிண்டல் செய்திருப்பேன்! நீ இரண்டாம் வகுப்பு படித்த வருடம், தீபாவளிக்குச் சின்ன அத்தை வந்தாள். கையில் எவர்சில்வர் தூக்கு, அது நிறைய அதிரசம். கதவைத் திறந்தது நான். உள்ளே வா என்று சொல்லவில்லை. தெருவில் மாமா ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றார். தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். கைசராவது மூன்று வருடம் என்று கணக்குச் சொன்னான். நான் அதுகூடச் சொல்லவில்லை. பாட்டி காரியத்துக்கு அவள் தெருமுனையோடு திரும்பிப் போனதும் என்னால்தான்.

தூக்கு பரணில்தான் இருந்தது. நேற்று இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். மூடி சரியாகச் சேரவில்லை. சனிக்கிழமை அம்மாவும் நானும் அதை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போகிறோம். முறுக்கு சுடுகிறாள் அம்மா.

ஞாயிறு எத்தனை மணியானாலும் கூப்பிடு. வீடியோவிலேயே கூப்பிடு. பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கட்டும்.

அப்பா