குளியலறைப் பூஞ்சைக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாடகை வீட்டுக் குளியலறைச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்தால் அதைக் குடியிருப்பவரின் கவனக்குறைவாகவே கருதி, வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வது பல உரிமையாளர்களிடம் காணப்படும் வழக்கம். அண்மையில் எனக்கும் அது நேர்ந்தது. குளித்தபின் கதவைத் திறந்து வைக்கவில்லை என்பது உரிமையாளரின் வாதம். அந்த அறைக்குச் சன்னலே இல்லை என்பதையோ, மேல்தளக் குழாய்க் கசிவு குறித்து நான் இருமுறை தெரிவித்திருந்ததையோ அவர் கணக்கில் கொள்ளவில்லை.

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உள்ளன. சுவர் ஓரிரு நாள் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே அவை முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டே பொறுப்பை முடிவு செய்ய வேண்டும். டைல்ஸ் இடுக்குகளிலும் கூரை மூலைகளிலும் புள்ளிபுள்ளியாகப் படர்வது பெரும்பாலும் குளியல் நீராவியால் வருவது. சுவர் ஒரே இடத்தில் ஊறி, அடுத்த அறைப் பக்கம் பெயிண்ட் உப்பி உதிர்ந்தால், குழாயையோ நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையோ சந்தேகிக்க வேண்டும். ஐயமிருப்பின், சுவரைத் துடைத்து உலரவிட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு விளிம்பிலும் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம்: தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அறையின் நீராவி, உட்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்.

குளித்தபின் தண்ணீரை வழித்துவிடுவதும், சிறு கறைகளை உடனுக்குடன் தேய்த்துக் கழுவுவதும் (பிளீச்சையும் அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு எழும்), கசிவைக் கண்டதும் எழுத்தில் தெரிவிப்பதும் குடியிருப்பவரின் கடமை. நான் வாயால் மட்டுமே சொன்னது என் தவறு. ஆனால் சன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இல்லாத அறையைக் காற்றோட்டமாக வைத்துக்கொள்ளும்படி எவரையும் கேட்க முடியாது. அந்த வசதியைச் செய்து தருவதும், சுவருக்குள் ஓடும் குழாயைப் பழுதுபார்ப்பதும் உரிமையாளருக்கே உரியவை.

ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் பிற மூச்சுக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பதிவு செய்துள்ளது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், வாடகைக் குடியிருப்பின் பூஞ்சை குறித்து 2017-இலேயே புகார் செய்த ஒரு தந்தைக்கு, அதன்மேல் பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி பதில் கிடைத்தது. அவருடைய இரண்டு வயது மகன் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூஞ்சைக்கு நெடுங்காலம் ஆட்பட்டதால் ஏற்பட்ட மூச்சு நோயே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு செய்தது. அதன் விளைவாகப் பிறந்த சட்டத்தின்படி, அங்கு குறைந்த வாடகைக்கு வீடு தரும் சமூகக் குடியிருப்பு நிர்வாகங்கள் 2025 அக்டோபர் முதல், அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். ஒரு குழந்தையின் உயிர் போகும்வரை இதற்குக் காத்திருந்திருக்க வேண்டாம்.

வாடகை ஒப்பந்தம் எழுதுவோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: குடிபுகும் நாளிலேயே குளியலறைச் சுவர், கூரை, காற்றோட்ட வசதி ஆகியவற்றின் நிலையை இரு தரப்பும் பார்த்துப் படங்களுடன் பதிவு செய்து கையொப்பமிடட்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியப்படும் முன் பூஞ்சையின் பெயரால் முன்பணத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்னும் விதியையும் அதிலேயே சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருக்கும் வாசகர்