கைரேகை தேய்ந்த தொழிலாளர்கள் மலையோர ஊர்களிலேயே பணம் எடுக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
பேச்சிப்பாறை மலையோரப் பகுதி,
திருவட்டாறு வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவில் கைரேகை ஏற்கப்படாதவர்களுக்கு முகப்பதிவு வசதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்களில் பாதிப்பேர் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை (அண்டி) உடைக்கும் ஆலைக்குப் போகிறவர்கள். மற்றவர்களுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதும், அந்தப் பாலை உறைய வைத்து ஷீட் அடிப்பதும்தான் பிழைப்பு. வங்கிக் கணக்கு எல்லாருக்கும் இருக்கிறது. 2014-இல் ஜன் தன் திட்டம் வந்தபோதே பலர் தொடங்கிவிட்டோம். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் நூறு நாள் வேலைக் கூலியும் கணக்கில் ஏறிவிடுகின்றன. ஏறிய பணம் கைக்கு வருவதில்தான் பாடு.

ஊரில் உள்ள சேவை மையத்தில் விரல் வைத்துப் பணம் எடுப்பதே எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் வழி. அண்டித்தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் உரிகிறது. சாம்பல் பூசிக்கொண்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் புழங்கும் கைகளுக்கும் இதே கதிதான். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்த பிறகும் கருவி ஏற்காவிட்டால், “நாளைக்கு வாங்கம்மா” என்று அனுப்பிவிடுகிறார்கள். வயதான பெண்கள் கூனிக் குறுகித் திரும்புவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேலை செய்ததால்தானே அந்தக் கை தேய்ந்தது!

விரல் ஏற்காவிட்டால் குலசேகரத்தில் உள்ள வங்கிக்கு இறங்க வேண்டும். பால்வெட்டு விடியும் முன்பே தொடங்குகிறது. பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்க மதியம் தாண்டிவிடும். வங்கிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து வர வேண்டிய காணிப் பழங்குடிக் குடியிருப்பு மக்களின் நிலை இன்னும் மோசம். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிடும். கணக்கில் கிடக்கும் சிறு தொகை அப்போதுதான் அவசரமாகத் தேவைப்படும்.

இது போதாதென்று, எடுக்கும் பணத்தில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சில இடங்களில் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி வங்கிக்காகப் பணம் கொடுக்கும் முகவர்கள் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அது எங்கள் பெண்கள் பலருக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் செல்போனைக் காட்டிக் காசு கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் என்றால் 1,000 ரூபாய்தான். மலையில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலியும் பிடித்தமும் போக மிஞ்சுவதுதான். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். குறைவாகச் சம்பாதிப்பவரே தன் பணத்தை எடுக்கக் கூடுதலாகச் செலவழிப்பது எந்த விதத்தில் நியாயம்?

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்ட மக்களில் 82 சதவீதத்துக்கும் மேல் நகரவாசிகள். அந்தக் கணக்கைப் பார்த்து, இங்கே கிராமத்துக்கென்று தனி ஏற்பாடு வேண்டாம் என வங்கிகள் இருந்துவிடக் கூடாது என்பது எங்கள் கவலை.

விரலுக்குப் பதில் முகத்தைக் காட்டி ஆதாரைச் சரிபார்க்கும் முறை இப்போது நடைமுறையில் இருக்கிறது. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியும் அதைத் தொடங்கியிருக்கிறது. எனவே, தாங்கள் தலைமையேற்கும் வங்கியாளர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, மலையோர சேவை மையங்கள் அனைத்திலும் அந்த வசதி வர உத்தரவிட வேண்டுகிறோம். காணிக் குடியிருப்புகளுக்கு அஞ்சல்காரர் குறித்த நாளில் கருவியோடு வர ஏற்பாடு வேண்டும். ஆதார் கைரேகைப் புதுப்பிப்பு முகாமை ஞாயிற்றுக்கிழமையில் ஊர்ப் பள்ளியிலேயே நடத்தினால் கூலி இழக்காமல் வருவோம். ‘கட்டணம் இல்லை’ என்ற பலகையும், எடுத்த தொகைக்கு ரசீதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

வரும் மழைக்காலத்துக்கு முன் முகப்பதிவு வசதியாவது கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்
(கையொப்பங்களும், கையொப்பமிடத் தெரியாதவர்களின் பெருவிரல் பதிவும் இணைக்கப்பட்டுள்ளன)